பட்டாம்பூச்சிக்குப் பிடித்த இடம்

அந்தச் சனிக்கிழமை காலை என் அண்ணன் வேலு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டு முன்னால் நிறுத்தினான். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கை வரை மண், முகத்தில் அப்படியொரு பெருமை. எங்கள் வீட்டுக் கோழிகள் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவை போல அசைய முடியாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

"பாரு பாப்பா. வெடியறதுக்குள்ள முடிச்சிட்டேன். ஒரு புழு இல்ல."

பார்த்தேன். ஒரு புழு இல்லை. எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலையிலும் இலை இலையாகத் தேடி எடுத்திருந்தான். கிலுகிலுப்பைச் செடியைக் களை என்று நினைத்து வேரோடு பிடுங்கியிருந்தான். வேலி ஓரத்து எருக்கஞ்செடிகள் இருந்த இடத்தில் குழிகள்தான் இருந்தன. குழிகளையும் காலால் மிதித்துச் சமப்படுத்தியிருந்தான். அவன் எப்போதும் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு கார் வரப்போகிறது. வருகிறவர்கள் எங்கள் வீட்டில் தங்கிப் பட்டாம்பூச்சி பார்க்க வருகிறார்கள். மனசுக்குப் பிடித்திருந்தால் அவர்கள் அலுவலகத்து ஆட்கள் இந்தப் பருவம் முடியும்வரை வாராவாரம் வருவார்கள் என்று பேச்சு. அப்படி வந்தால் அண்ணன் ஊரோடு இருந்துவிடலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டும். திங்கட்கிழமை வந்து நிற்காவிட்டால் பனியன் கம்பெனியில் அவன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

ஊரோடு இருந்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் அண்ணன் கருக்கலில் எழுந்து, வரவேண்டிய பட்டாம்பூச்சிகளையெல்லாம் கோழிக்குப் போட்டிருந்தான்.

ஆடு திரும்பிப் பார்த்தது

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனதும் முதலில் கல்லூரி போனதும் நான்தான் என்று போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்கிறேன் என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வீட்டில் நாலு தலைமுறையாகப் படித்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

நான் படித்தது விலங்கியல். பட்டத்தோடு மலைக்குத் திரும்பியதும் ஊர் கூடி என்னை மாட்டு டாக்டர் என்று முடிவு செய்துவிட்டது. வயிறு உப்பிய ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். நான் படித்தது வைத்தியம் இல்லை, உயிர்களைப் பற்றிய பாடம் என்று பொறுமையாக விளக்கினேன். "அப்ப இன்னாத்துக்குப் படிச்சே?" என்று கேட்டுவிட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது ஆடு மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டை நடத்துவது அஞ்சலை அண்ணி. அப்பா சாமைக் காடு, புளிய மரம் என்று போய்விடுவார். அண்ணன் வருஷத்தில் பாதி திருப்பூரில் இருப்பான். நான் ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் வீட்டில் என்ன நடந்தாலும் அண்ணி எடுத்ததுதான் முடிவு.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு அறை கட்டி, வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வெளியூர்க்காரர்கள் தங்கும் 'ஹோம்ஸ்டே' ஆக்கியதும் அவள்தான். புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அறை கட்டினாள்.

கம்பியில் ஆடிய பட்டாம்பூச்சி

அறை மட்டும் போதாது, வருகிறவர்களுக்கு வேடிக்கை வேண்டும் என்று சொன்னவர் கீழேயிருந்து வந்த ஒரு பயிற்சியாளர். எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். மலையை முன்னேற்ற வருகிற அமைப்புகளின் பெயர்கள் எனக்குக் குழம்பிவிடும். எல்லாவற்றிலும் 'பசுமை' இருக்கும், 'வாழ்வு' இருக்கும், மதியம் பிரியாணி இருக்கும்.

வீட்டுத் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சிகளை அழைப்பது எப்படி என்று அவர் சுவரில் படம் காட்டி வகுப்பெடுத்தார். மலையைச் சுற்றி இருக்கிற காட்டில் பட்டாம்பூச்சி பார்த்துப் பார்த்து அலுத்துப்போன எங்கள் ஊர்ப் பெண்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படத்தில் பட்டாம்பூச்சி பார்த்தார்கள்.

கடைசியில் ஆளுக்கு ஒரு பை பூச்செடி கொடுத்தார். அடுக்கு அடுக்காக இதழ் வைத்த ஒட்டுரகச் செடிகள். பூவுக்குள் தேன் எங்கே என்று தேட, பட்டாம்பூச்சி துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கூடவே, செடியில் புழு வந்தால் அடிக்க ஒரு பாட்டில் மருந்தும் கொடுத்தார்.

புழுவைக் கொன்றுவிட்டால் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும் என்று எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி என்று என்னைப் பாராட்டினார். பிறகு டீ கொடுத்தார்கள். பேரன் வேண்டும், பிரசவம் மட்டும் வேண்டாம் என்று சொல்கிற மாமியாரைப் போல இருந்தது அவர் திட்டம்.

போகும்போது அவர் இன்னொன்றும் தந்தார். கம்பியில் செருகிய பிளாஸ்டிக் பட்டாம்பூச்சிகள். நிஜப் பட்டாம்பூச்சி வந்து சேரும்வரை மாதிரிக்கு இருக்கட்டும் என்றார். அண்ணிக்கு அவை மிகவும் பிடித்துவிட்டன. வரிசையாக நட்டு, நடுநடுவே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தாள். காற்றில் ஆடின. மழையில் நனைந்தும் சாயம் போகவில்லை. உயிரோடு இருப்பவை ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

சாபம் செல்லாத நிலம்

அதன் பிறகுதான் நான் இறங்கினேன். பட்டாம்பூச்சியை வரவழைக்க வேண்டுமானால் அது முட்டை வைக்கும் செடியை வைக்க வேண்டும். எலுமிச்சை வைத்தேன், கறிவேப்பிலை வைத்தேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிலுகிலுப்பை வைத்தேன். சிரித்தார்கள். எருக்கு வைத்தேன். அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால், உச்சகட்டமாக விழுகிற வார்த்தை, "உன் வூட்ல எருக்கு மொளைக்க" என்பதுதான். ஆளற்றுப்போய், கூரை விழுந்து, பாழான இடத்தில்தான் எருக்கு வளரும் என்று அர்த்தம். அடுத்தவர் சபித்தால் மட்டும் முளைக்க வேண்டிய அந்தச் செடியை, நானே குழி தோண்டி, எருப் போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடையில் போய்ப் பேசினார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். படிக்க வைத்ததால் வந்த வினை என்று ஒருவர் தொடங்கினார். உங்க பொண்ணைப் படிக்க வைக்காததால் வந்த வினையை முதலில் பாருங்க மாமா என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்லியும் விட்டேன். அதனால் பேச்சு கொஞ்சம் நீண்டது.

கடைசியில் தீர்ப்பு வந்தது. எருக்கைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி நட்டுக்கொள்ளலாம். அது புறம்போக்கு. சாபம் பட்டா நிலத்தில்தான் பலிக்கும், புறம்போக்கில் பலிக்காது என்று எல்லோருக்கும் ஒருமனதாகத் தோன்றியது. இந்தச் சட்ட நுணுக்கத்தைக் கேட்டு நான் அசந்துபோனேன்.

பட்டாம்பூச்சிக்குப் பட்டாவும் தெரியாது, புறம்போக்கும் தெரியாது. புரட்டாசி மழை விட்டதும் வந்துவிட்டது. எருக்கில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்கள். எலுமிச்சையில் முதலில் பறவை எச்சம் மாதிரி, வளர்ந்ததும் பச்சையாக, தொட்டால் சிவப்புக் கொம்பு நீட்டி நாற்றம் விடுகிற புழுக்கள். இலைகள் சல்லடையாயின. அண்ணி முகம் சுளித்தாள். பொறுங்கள் என்றேன். பொறுத்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் 'பட்டாம்பூச்சித் தோட்டத்துடன் மலைவீடு' என்று இணையத்தில் விளம்பரம் எழுதிப் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு தம்பதி உடனே கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் வந்து இறங்கினான். அவனிடம் புழுவைப் பற்றிச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பொண்டாட்டி கட்டிய அறை, தங்கச்சி வைத்த செடி, அதைத் தின்கிற புழு.

"எருக்க ஏண்ணா புடுங்கினே?" என்று கேட்டேன்.

"எவனோ ஆவாதவன் நம்ம வேலியாண்ட நட்டு வெச்சிருக்கான் பாப்பா. அதுல இருந்த புழுவக் கோழி கூடத் தொடல. செடியோட ஓடையில போட்டேன்."

கோழிக்குத் தெரிந்திருக்கிறது. எருக்கு தின்ற புழு கசக்கும். அன்றைக்கு எங்கள் வீட்டில் விலங்கியல் பாடத்தில் தேறியவை கோழிகள் மட்டும்தான்.

இப்ப வந்துடும்ங்க

ஆலங்காயம் வழியாக, காவலூர் தாண்டி, வெயில் ஏறுகிற நேரத்துக்குக் கார் வந்து நின்றது. சார் பெரிய கேமராவோடு இறங்கினார். அதன் லென்ஸ் எங்கள் வீட்டு உரல் அளவுக்கு இருந்தது. மேடம் அகலமான தொப்பி போட்டிருந்தார். மலைக்காற்றை இழுத்து விட்டார். "என்ன அமைதி" என்றார். சரியாக அந்த நேரம் பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கிக்குச் சோதனை போட்டார்கள்.

இரண்டு பேரும் தோட்டத்தைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு அடித்த கற்கள், மொட்டைச் செடிகள், அடுக்குப் பூக்கள், கம்பியில் ஆடும் பிளாஸ்டிக். மேடம் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

அண்ணி டீ கொடுத்தாள். "இப்ப வந்துடும்ங்க" என்றாள். திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் சொல்வது போலவே இருந்தது. அண்ணன் வெயில் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றான். வெயில் ஏறியது. காற்று நிற்கட்டும் என்றான். காற்றும் நின்றது. அதற்கு மேல் இயற்கையிடம் கேட்க அவனிடம் ஒன்றும் மீதியில்லை.

சார் நாற்காலி போட்டு லென்ஸைத் திருகித் திருகிக் காத்திருந்தார். கடைசியில் எதையோ படம் எடுத்தார். எட்டிப் பார்த்தேன். டீ டம்ளர் விளிம்பில் ஒரு ஈ. ரொம்பத் தெளிவாக வந்திருந்தது.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விளம்பரம் யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். நன்றாக எழுதுகிறாய் என்றார். பாராட்டில் இவ்வளவு குத்தல் வைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாமா என்று கணவரிடம் அவர் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. அண்ணிக்கும் கேட்டது. கையில் இருந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பச்சை வலை

வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற இடம் இருக்கிறது. அண்ணி மூன்று நாளைக்கு முன்பு அதன் முன்னால், நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை வலையை இழுத்துக் கட்டியிருந்தாள். வருகிறவர்கள் கண்ணில் சாணியும் சகதியும் பட்டுவிடக்கூடாது என்று.

எனக்குச் சட்டென்று அந்த இடம் ஞாபகம் வந்தது. படித்த பாடமும் கூடவே வந்தது. ஆண் பட்டாம்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது, உப்பு வேண்டும். ஈரமான மண்ணில், அதிலும் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணில், கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். பரீட்சையில் இதற்குப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வீட்டிலும் தினம் பார்த்திருக்கிறேன். தினம் பார்க்கிறதை யார் வேடிக்கை என்று நினைப்பார்கள்?

ஓடிப்போய் வலையின் ஓரத்தை விலக்கினேன். இருந்தன. மஞ்சள், வெள்ளை, கறுப்பு இறக்கையில் நீலப் பட்டை போட்டவை. யாரோ கலர் காகிதத்தைக் கிழித்துச் சகதியில் செருகி வைத்தது போல நெருக்கமாக, இறக்கையைக் கூப்பி உட்கார்ந்திருந்தன. பசு வாலை வீசினால் எல்லாம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் உட்கார்ந்தன.

அவிழ்க்கப் போன என் கையை அண்ணி பிடித்துக்கொண்டாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"இன்னா பண்றே தீபா?"

"இங்க கூட்டியாந்து காட்டலாம் அண்ணி."

"மாட்டு மூத்திரத்தக் காட்டவா? அதுக்கா அவங்க அவ்ளோ தூரம் காரு வெச்சிக்கினு வந்தாங்க?"

பட்டாம்பூச்சியைத்தானே காட்டப்போகிறோம் என்றேன். அவள் கையை விடவில்லை. கல்யாணத்துக்கு முன்பு வேலூரில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனதைச் சொன்னாள். அந்தக் கதையை அதற்கு முன்பு அவள் எனக்குச் சொன்னதில்லை. முதல் நாளே அந்த வீட்டு அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, மாட்டு நாற்றம் அடிக்கிறது, வாசலிலேயே நில் என்றார்களாம். தினமும் அவர்கள் வீட்டுக் குழாயில் கை கால் கழுவிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவாளாம்.

"அதே மூக்கத்தான் இவங்களும் வெச்சிருப்பாங்க. இது என் வூடு. இங்கயும் ஒருத்தி மூக்க மூடி நான் பாக்கணுமா?"

எனக்குக் கல்லூரி விடுதி ஞாபகம் வந்தது. நான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அறைத் தோழி என் பை மேல் செண்ட் அடிப்பாள். வாசனைக்காக என்பாள். அதை அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதிருக்கலாம். அதற்குள் கார் கிளம்பிவிடும்.

"அண்ணன் நாளைக்குத் திருப்பூர் பஸ் ஏறணுமா, வாணாமா?" என்று கேட்டேன்.

அண்ணி என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு என் கையைத் தள்ளிவிட்டு, வலையின் முடிச்சை அவளே அவிழ்த்தாள். அவள் போட்ட முடிச்சு. அவசரத்தில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வலையைச் சுருட்டி ஓரமாக எறிந்துவிட்டு, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, முன்பக்கம் போய் நின்றாள்.

"சாரு, மேடம், பின்னாடி வாங்க. பட்டாம்பூச்சி அங்கதான் கீது. மாடு கட்ற எடம். மூக்க மூடறதா இருந்தா இங்கயே மூடிக்கினு வாங்க. அங்க வந்து என் எதிர்ல மூடாதீங்க."

மேடம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி பின்னால் நடந்தார்.

உப்புத் தண்ணீர்

சகதி ஓரத்தில் சார் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அப்புறம் அந்த வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்துவிட்டார். லென்ஸை நீட்டிக்கொண்டு முழங்கையால் ஊர்ந்து போனார். எங்கள் பசு அத்தனை வருஷத்தில் தன் முன்னால் யாரும் இப்படி விழுந்து பார்த்ததில்லை. மரியாதையாக ஓர் அடி பின்வாங்கியது.

மேடம் மூக்கை மூடவில்லை. அண்ணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாம்பூச்சியைப் பார்க்கவேயில்லை.

இங்கே மட்டும் ஏன் இப்படி மொய்க்கின்றன, இது என்ன தண்ணீர் என்று மேடம் என்னைக் கேட்டார். உப்புச் சத்துள்ள நீர், ஆண் பூச்சிகளுக்கு அது தேவை என்று விலங்கியல் மொழியில் விளக்கத் தொடங்கினேன்.

"மாட்டு மூத்திரம்ங்க" என்றான் அண்ணன்.

தரையில் கிடந்த சார் தலையை மட்டும் தூக்கினார். தன் சட்டையைப் பார்த்தார். பட்டாம்பூச்சிகளைப் பார்த்தார். மறுபடியும் படுத்துக்கொண்டார். மனிதருக்கு உண்மையாகவே ஆசை இருந்திருக்கிறது. அவரைப் பற்றி நான் நினைத்த நாலைந்து விஷயங்களில் ஒன்றை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மதியம் கிளம்புவதாக இருந்தவர்கள் மறுநாள் மதியம்வரை இருந்தார்கள். சாமைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாளைக்கும் இதே இடத்தில் வருமா என்று சார் கேட்டார். மாட்டை எங்கே கட்டுகிறோமோ அங்கே வரும் என்றான் அண்ணன். அப்படியானால் வெளிச்சம் நன்றாக விழுகிற பக்கம் கட்ட முடியுமா என்று சார் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மாடு கிழக்கே மாறியது. பட்டாம்பூச்சிகளும் மாறின. அடுத்த வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் வருவதாக அங்கேயே நின்று போன் போட்டு உறுதி செய்தார்.

போகும்போது மேடம் அண்ணியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கொழம்பு நல்லா இருந்துதாம்" என்றாள். அவ்வளவு நேரம் குழம்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நான் தோண்டவில்லை.

மேஸ்திரியின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் பை வாசலில் இருந்தது. அவன் அதைக் கட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை வைத்த இடத்திலேயே இருந்தது. அண்ணி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாளே தவிர, போகிறாயா இருக்கிறாயா என்று கேட்கவில்லை. நான்தான் சொன்னேனே, அவள் கேட்கிற ஆள் இல்லை.

பஸ் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேஸ்திரி போன் போட்டார். அண்ணன் அப்போது மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். மேஸ்திரி குரல் எப்போதும் பெரிது. ஸ்பீக்கர் போடாமலேயே வீடு முழுக்கக் கேட்டது. பஸ் ஏறியாச்சா என்றார்.

"இல்லீங்க. வரல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஏன் என்றார் மேஸ்திரி. ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது என்றான் அண்ணன். அந்த மலை மேல் அப்படி இன்னாடா வேலை என்றார்.

அண்ணன் கயிற்றைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். காலுக்குக் கீழே ஈரமாக இருந்த மண்ணைப் பார்த்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"டூரிசம்ங்க" என்றான்.

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றான். அண்ணி வெளியே வரவில்லை. அடுப்படிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"யோவ் டூரிசம், மாட்ட மறுபடி கெழக்கால கட்டு. காலைல கட்டின எடம் காயுது."